எழுதாமல் விட்ட பெயர்

மந்தாரக்குப்பம்
6.2.2025

அக்காவுக்கு,

மலர்கொடி எழுதுவது. உன் நம்பரை நான்தான் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். என் போனை எந்நேரமும் தமிழ்மொழி நோண்டிக்கொண்டிருக்கிறாள். நீ பேசினால் அவள் காதில் விழும், எழுதினால் அவள் அப்பா கண்ணில் படும். அதனால்தான் இந்தக் காலத்தில் கடிதம். பதில் போடுவதாக இருந்தால் குவார்ட்டர்ஸ் விலாசத்துக்குப் போடாதே. இங்கே மந்தாரக்குப்பத்தில் நான் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் ருக்குமணியின் கடை விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அவள் பிரித்துப் பார்க்காமல் கொடுப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்மொழிக்கு மார்ச் ஒன்பதாம் தேதி நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் விருத்தாசலம், கௌரவமான குடும்பம். நீ வர வேண்டாம். பெற்ற பெண்ணின் நல்ல காரியத்துக்குக் கூடப்பிறந்தவளை வராதே என்று சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொன்று. உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று சுகாதாரத் துறையில் பட்டியல் கேட்பதாகப் பொங்கலன்று சொன்னாயே. அதில் என் பெயரோ குவார்ட்டர்ஸ் விலாசமோ வரக்கூடாது. டவுன்ஷிப்பில் வாசலில் ஒரு ஜீப் நின்றால் போதும், மறுநாள் ஷிப்ட்டுக்குள் பிளாக் முழுக்கப் பேச்சாகிவிடும். கல்யாணம் நின்றுபோகும்.

அன்றைக்கு நீ செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே நான் பினாயில் ஊற்றித் தரையைக் கழுவினேன். நீ பார்த்துவிட்டாய் என்று தெரியும். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மலர்கொடி

•

காடாம்புலியூர்
14.2.2025

பாப்பாவுக்கு அக்கா காந்திமதி எழுதுவது. எட்டாவதோடு நிறுத்தியவள் எழுதும் கடிதம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நிச்சயத்துக்கு வரமாட்டேன். பயப்படாதே. தமிழ்மொழிக்கு எடுத்து வைத்திருந்த புடவையை ருக்குமணி கடைக்கே பார்சலில் அனுப்புகிறேன். அதைக் கடையில் வாங்கியதாகச் சொல்லிக்கொள். நான் தொட்ட புடவை என்று கொளுத்திவிடாதே, அது மடித்த மடிப்பு கலையாமல் கவரிலேயே இருக்கிறது.

பொங்கலன்று நீ முழுசாகக் கேட்கவே இல்லை. வியாதியின் பெயரைச் சொன்னதுமே எழுந்துவிட்டாய். இப்போதாவது உட்கார்ந்து படி.

எங்கள் முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்கும் எல்லார் கையும் கறுப்புதான், உனக்குத் தெரியும். ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும், திட்டுத் திட்டாக வெளுக்கும், மரத்தும் போகும். சாம்பலைத் தடவிக்கொண்டு வேலை பார்ப்போம். என் முழங்கையில் ஒரு திட்டு ஒரு வருஷமாக இருந்தது. எண்ணெய் தின்ற இடம் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் கையில் எது வந்தாலும் எண்ணெய்மேல்தான் பழி.

டிசம்பர் மாதம் சுதாகர் என்று சுகாதாரத் துறைத் தம்பி ஒருத்தர் கம்பெனிக்கே வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவராம். வரும்போதே கையில் ஒரு தாள். "காந்திமதி யாருங்க?" என்றார். எழுந்து நின்றேன். "ஏம்மா, ஒரு மாச மாத்திரை வாங்கினீங்களே, அப்புறம் ஏன் பாதியில வுட்டீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நான் எங்கங்க வாங்கினேன்? எனக்குன்னு ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சே மூணு வருசம் ஆவுது" என்றேன்.

அவர் நம்பவில்லை. தாளில் என் பெயர், ஊர், வயதுகூடச் சரியாக இருந்தது. வெட்கப்பட்டு மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கண்ணை மூடச் சொல்லிப் பேனா முனையால் கையைத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். நான் எப்போது தொடுவார் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் தனகோடி சிரிக்கிறாள்: "இன்னாடி தூங்கிகினு இருக்கியா? அவரு எம்மாந் நேரமா குத்திகினே இருக்காரு!"

கண்ணைத் திறந்து பார்த்தேன். பேனா முனை என் முழங்கைத் திட்டில் அழுந்தி இருந்தது. மலரு, அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது பயம் இல்லை, அவமானம். அத்தனை பேர் முன்னால் துணி அவிழ்ந்தது போல இருந்தது. அதோடு பொய்க்காரி என்ற பெயரும். மாத்திரை வாங்கிவிட்டு இல்லை என்று சாதித்தவள் என்றுதான் இன்றைக்கும் கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னொரு காந்திமதி இருந்து தொலைத்திருப்பாள் போல.

பன்னிரண்டு மாதம் மாத்திரை. அரசாங்கம் சும்மாவே கொடுக்கிறது. மாதம் ஒருநாள் அவர்கள் முன்னால் விழுங்க வேண்டும், அன்றைக்குச் சிறுநீர் செவப்பாகப் போகும். தோல் இன்னும் கறுக்கும், முடித்த பிறகு தெளியுமாம். நான் என்ன கறுப்புக்குப் பயந்தவளா? மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அடுத்தவருக்குத் தொற்றாதாம். பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தபோதே அது தொற்றாத வியாதிதான். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

கூட இருந்தவர்களைப் பரிசோதித்து ஒரே ஒரு வேளை மாத்திரை கொடுப்பார்களாம், வராமல் தடுக்க. "கூட யாரும் இல்லைங்க, புள்ள மெட்ராசுல இருக்கான், நான் ஒண்டிக்கட்டை" என்று சொல்லிவிட்டேன். போன வருஷம் உன் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு மூன்று மாதம் உன் வீட்டில் இருந்ததை மறைத்தேன். நீ சொன்னதற்காகத்தான்.

உன்னிடம் இன்னொன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அப்புறம் எழுதுகிறேன்.

காந்திமதி

•

மந்தாரக்குப்பம்
11.3.2025

அக்காவுக்கு,

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. ஆவணியில் கல்யாணம். புடவை அழகாக இருந்தது, தமிழ்மொழி அதைத்தான் கட்டிக்கொண்டாள். "பெரிம்மா எங்கம்மா?" என்று இரண்டு முறை கேட்டாள். எல்லாரும் கேட்டார்கள். உனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தியம்மா உடனே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்கள். "ஆத்தாவே வந்து எறங்கியிருக்கா. நல்ல சகுனம்" என்றார்கள். கிளம்பும்போது உனக்குக் கொடுக்கச் சொல்லி இளநீரும் வேப்பிலையும் தந்தார்கள். அந்த இளநீரை நான் என்ன செய்வது? சமையலறை மூலையில் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் கூசுகிறது.

பட்டியலில் எங்கள் பெயரைக் கொடுக்காததற்கு நன்றி. எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்று இழுத்திருக்கிறாய். கேட்பதாக இருந்தால் கேள்.

மலர்கொடி

•

காடாம்புலியூர்
20.3.2025

பாப்பாவுக்கு,

இளநீரை நீயே வெட்டிக் குடி. ஒரு வியாதி வந்தால் கும்பிடு, இன்னொன்று வந்தால் பினாயில். இரண்டும் மனுஷ உடம்பில்தான் வருகிறது. சரி, அது கிடக்கட்டும்.

கேட்கச் சொன்னாய், கேட்கிறேன். ஆபரேஷன் முடிந்து உன்னைக் குளிப்பாட்டினேனே, அப்போது உன் இடது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு பார்த்தேன். இடுப்பில் இரண்டு. சுற்றிலும் லேசான செவப்பு, நடுவில் வெளுப்பு. தேமல் என்று நினைத்து மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசினேன். ஒருநாள் வெந்நீரை விளாவாமலே அந்தப் பக்கம் ஊற்றிவிட்டேன். நான்தான் ஐயோ என்று கத்தினேன், நீ கத்தவில்லை. ஆபரேஷன் மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் என்ன மயக்கம்? எனக்குப் புத்தி போகவில்லை.

போன மாதம் சுதாகர் தம்பி ஒரு படப் புத்தகத்தைக் காட்டினார். அதில் ஒரு முதுகு. மலரு, அது உன் முதுகுதான் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன்.

"இது யாருக்காச்சும் பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடியும் பொய். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

பட்டியல், விலாசம் எல்லாம் கிடக்கட்டும். நீ ஒருமுறை காட்டு. டவுன்ஷிப் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் பண்ருட்டிக்கு வா. ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். நானும் கூட வருகிறேன்.

காந்திமதி

•

மந்தாரக்குப்பம்
26.3.2025

என் முதுகில் இருப்பது தேமல். உனக்கு வந்ததை என் தலையில் கட்டாதே. நீ மூன்று மாதம் இங்கே சமைத்துப் போட்டாய், தொட்டுக் குளிப்பாட்டினாய். எனக்கு ஏதாவது இருந்தால் அது யாரிடமிருந்து வந்திருக்கும் என்று நீயே யோசி.

இனி ருக்குமணி கடைக்கு எழுதாதே.

•

காடாம்புலியூர்
2.5.2025

பாப்பாவுக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

யாரிடமிருந்து யாருக்கு என்று கேட்டிருந்தாய். நானும் சுதாகர் தம்பியிடம் கேட்டேன். இந்தக் கிருமி உடம்பில் புகுந்து ஐந்து வருஷம், பத்து வருஷம், சிலருக்கு இருபது வருஷம்கூடச் சும்மா கிடக்குமாம். நூறு பேருக்குத் தொற்றினால் முக்கால்வாசிக்கும் மேலே ஒன்றும் ஆகாதாம், உடம்பே விரட்டிவிடுமாம். உன்னிடமிருந்து எனக்கா, என்னிடமிருந்து உனக்கா, எந்தப் பஸ்ஸில் உட்கார்ந்த யாரிடமிருந்தோ என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்கிறார். பாவம் செய்தவர்களுக்கு வருவதும் இல்லை. பாவத்துக்கு வருவதாக இருந்தால் நம் ஊரில் யார் வீட்டில் சோறு பொங்க முடியும்?

இவ்வளவு நாள் நான் பயந்தது முகத்துக்கு. பயப்பட வேண்டியது நரம்புக்காம். முழங்கை எலும்புக்கு உள்பக்கம் ஒரு நரம்பு ஓடுகிறது, இடித்துக்கொண்டால் சுர்ரென்று ஏறுமே, அதுதான். அது வீங்கி வலித்தால், சுண்டுவிரலும் பக்கத்து விரலும் உணர்ச்சி போய் மடங்க ஆரம்பிக்கும். மடங்கி ஆறு மாதத்துக்குள் போனால் பெரும்பாலும் மாத்திரையிலேயே நிமிர்த்திவிடலாம். அதைத் தாண்டினால் ஆபரேஷன்தான், அதுவும் முன்போல வராது. மாதம் மாத்திரைக்குப் போகும்போது அங்கே ஒருத்தரைப் பார்க்கிறேன், உன் வயதுதான் இருக்கும். டீ கிளாசை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்துப் பிடிக்கிறார். பத்து வருஷம் ஒளித்து வைத்திருந்தாராம், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்று.

உன் வீட்டுக்காரர் பாலகுமார் உன்னை விலக்கிவிடுவார் என்று பயப்படுகிறாயோ என்னவோ. முன்பு இந்த வியாதியைச் சொல்லி விவாகரத்து வாங்கலாமாம். அந்தச் சட்டத்தை எடுத்து ஐந்தாறு வருஷம் ஆகிறது என்று சுதாகர் தம்பி சொன்னார். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். சும்மா என்றேன்.

உன் பெயரை இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருப்பது சரியா என்று தெரியவில்லை. நீ கேட்டுக்கொண்டாய், அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

காந்திமதி

•

மந்தாரக்குப்பம்
5.9.2025

அக்கா,

கையெழுத்து கோணலாக இருக்கும். சுண்டுவிரலும் அடுத்த விரலும் தாளில் படியாமல் மடங்கிக்கொள்கின்றன. ஆனி மாதம் முதல் அப்படித்தான். முழங்கையில் வலி தாங்க முடியவில்லை. கல்யாண வேலை, பாத்திரம் தூக்கியது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

கல்யாணம் போன வாரம் முடிந்தது. மாலை மாற்றியதும் நான்தான் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பித்தளைத் தட்டு. புகைப்படக்காரர் இன்னொன்று, இன்னொன்று என்று நிறுத்தி வைத்தார். நான் சிரித்துக்கொண்டே நிற்கிறேன். என்னவோ தீய்கிற வாடை வந்தது. சமையல்கட்டில் இருந்து வருகிறது என்று நினைத்தேன். சம்பந்தியம்மாதான் தட்டைப் பிடுங்கினார்கள். உள்ளங்கையில் தோல் தட்டோடு போய்விட்டது, அக்கா. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"பாருங்க, பொண்ணுக்காகக் கை வேகறதுகூடத் தெரியாம நிக்கிறா. எப்பேர்ப்பட்ட தாய்!" என்று சம்பந்தியம்மா எல்லாரிடமும் காட்டினார்கள். சிலர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். கும்பிடு வாங்கிக்கொண்டு நின்றேன். அந்த மண்டபத்தின் தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதை ஒருநாள் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும். உனக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். 2023 நவம்பரில், ஆபரேஷனுக்கு மூன்று மாதம் முன்னால், கடலூரில் ஒரு தனியார் தோல் டாக்டரிடம் யாருக்கும் தெரியாமல் போனேன். அவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொள்ளச் சீட்டு கொடுத்தார். அங்கே நோட்டில் எழுதுகிற பெண் பெயர் கேட்டாள். என் வாயில் உன் பெயர் வந்தது. ஊர் கேட்டாள். காடாம்புலியூர் என்றேன். வயதையும் உன் வயதாகவே சொன்னேன். ஆதார் கேட்டாள், மறந்துவிட்டேன் என்றேன். பெர்மனென்ட் எம்ப்ளாயி மனைவிக்கு இந்த வியாதி என்றால் ஊர் பேசும். கொட்டை உடைக்கிறவளுக்கு என்றால் யார் ஆச்சரியப்படப் போகிறார்கள் என்று அந்த நிமிஷம் மனசில் ஓடியது. ஓடியதை மறைக்க விரும்பவில்லை.

மாத்திரை அட்டையை அரிசி டிரம்மில் ஒளித்து ஒரு மாதம் சாப்பிட்டேன். சிறுநீர் செவப்பாகப் போனதை இவர் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். சூடு என்றேன். அதோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீ வந்து என்னைக் குளிப்பாட்டினாய். மாத்திரையைப் பாதியில் விட்டவள், என்னிடமிருந்து மறுபடியும் தொற்றலாம். தெரிந்தேதான் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுதாகர் தாளோடு தேடி வந்த காந்திமதி நான்தான். உன் ஊரில் இன்னொரு காந்திமதி இல்லை.

பொங்கலன்று நீ வியாதியின் பெயரைச் சொன்னதும் என் குட்டு வெளிப்பட்டது என்றுதான் நினைத்தேன். கேட்க வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். இந்த வீட்டில் அது இல்லை என்று காட்டிக்கொள்ளத்தான் பினாயிலை எடுத்தேன்.

இவருக்கு இன்னும் தெரியாது. கைக்குப் பர்ன்ஸ் ஆயின்ட்மென்ட் போட்டுவிடுகிறார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மலர்கொடி

•

காடாம்புலியூர்
11.9.2025

மலர்கொடிக்கு,

உன் கடிதத்தை நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் கசக்கி ஓட்டுக் குவியலில் எறிந்தேன். அரை மணி கழித்து நானே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். எண்ணெய் பட்டு இரண்டு இடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது. அழியாமல் இருப்பதே எனக்கு ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

கோபமாகத்தான் இருக்கிறேன். பாப்பா என்று எழுத வரவில்லை, கவனித்திருப்பாய். வியாதி கொடுத்தாயோ இல்லையோ அது எனக்குப் பெரிதில்லை, நீ வேண்டுமென்று கொடுக்கவில்லை. கொட்டை உடைக்கிறவளுக்கு வந்தால் யார் ஆச்சரியப்படப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் உள்ளே போய் நிற்கிறது. நீ காலேஜ் போனது இந்தக் கை உடைத்த கொட்டையில்தான். சொல்லிக்காட்டக்கூடாது என்று இத்தனை வருஷம் இருந்தேன். இன்றைக்குச் சொல்லிக்காட்டிவிட்டேன்.

ஆனால் நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. உன் முதுகைப் படத்தில் பார்த்த அன்றைக்கே உன் பெயரைக் கொடுத்திருந்தால் பங்குனியிலேயே மாத்திரை ஆரம்பித்திருப்பாய். நீ கேட்டுக்கொண்டாய் என்று நல்ல அக்காவாக வாயை மூடிக்கொண்டேன். நிஜத்தைச் சொன்னால், ஏற்கனவே ஒரு பொய்க்காரி என்று பெயர் வாங்கியவள், மறுபடியும் போய் நான் முன்பு சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் வெட்கத்துக்கும் உன் வெட்கத்துக்கும் நடுவில் உன் இரண்டு விரல் மடங்கிவிட்டது.

ஆனி, ஆடி, ஆவணி. மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார் சுதாகர் தம்பி. ஆமாம், சொல்லிவிட்டேன். இன்று காலையில் போய், கூட இருந்தவர்கள் என்ற இடத்தில் உன் பெயரைக் கொடுத்தேன். மலர்கொடி, தங்கை, வயது நாற்பத்துமூன்று. பாலகுமாரையும் தமிழ்மொழியையும் எழுதிக்கொடுத்திருக்கிறேன். விருத்தாசலத்துப் பிள்ளையையும் பார்க்க வேண்டியிருக்குமாம். வீட்டு வாசலில் ஜீப் வராது, மஃப்டியில் பைக்கில் வருவார்கள். அதற்குள் நீ பாலகுமாரிடம் உன் வாயால் சொல்லிவிடு. அடுத்தவர் சொல்லிக் கேட்டால் அவர் மனசு உடைந்துபோகும். வெந்த கைக்கு ஆயின்ட்மென்ட் போடுகிற மனுஷன் எழுந்து ஓடிவிட மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஓடினால் இங்கே ஒரு பாய் இருக்கிறது.

வியாதியின் பெயரை உன் கடிதம் எதிலும் நீ எழுதவில்லை. நான்கும் தேடிப் பார்த்தேன். நானும் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்: தொழுநோய். எழுதிவிட்டேன், கை ஒன்றும் விழவில்லை.

வரும் புதன்கிழமை, பதினேழாம் தேதி, காலை எட்டரைக்குப் பண்ருட்டி அரசு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். ஆதார் எடுத்துக்கொண்டு வா. மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று இரண்டு முறை பேனாவை வைத்துப் பார்த்தேன், வரவில்லை. அதற்காக நீ வராமல் இருந்துவிடாதே.

கடலூரில் மாத்திரை வாங்கிவிட்டுப் பாதியில் விட்ட காந்திமதி யார் என்று நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை. அதை நான் சொல்லமாட்டேன். நோட்டுப் புத்தகத்துக்கு முன்னால் நீ நின்று, உன் பெயரைச் சொல்லி, நீயே சொல்ல வேண்டும். உன் பக்கத்திலேயே நிற்பேன், உன் கையைப் பிடித்துக்கொண்டு. ஆனால் வாயைத் திறக்கமாட்டேன்.

காந்திமதி